ஏழு வருஷம் ஆனால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: வக்கீல் அம்மா, திருமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். 2017 மே மாதம், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு மாட்டுத்தாவணிக்குப் போன என் தங்கை திரும்பவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் ‘பெண் காணவில்லை’ என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். “யாரோடயாச்சும் போயிருக்கும்” என்றார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனபோது, “கேஸ் முடிஞ்சிருச்சு” என்று வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. இப்போது மாப்பிள்ளை, ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்று மதுரை குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டிருக்கிறார். தீர்ப்பு வந்தால் தங்கச்சி செத்துப்போனதாக ஆகிவிடுமா? போலீஸ் வழக்கு அவ்வளவுதானா? நாங்கள் போட்ட இருபது பவுனைத் திருப்பிக் கேட்கலாமா? அம்மாவுக்கு 68 வயது.
— பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: வழக்கு அதோடு முடியாது. விவாகரத்து வந்தாலும் உங்கள் தங்கை எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஏழு வருஷக் கணக்கைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 108, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 111 சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷமாக எதுவும் வரவில்லை என்றால், ‘உயிரோடு இருக்கிறார்’ என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில் இறந்தார் என்பதைக்கூட இந்த ஊகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று எல்.ஐ.சி. – அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எப்படி, யாரால் என்பதெல்லாம் அதற்கும் அப்பால். இந்து திருமணச் சட்டம் 13(1)(vii)இல் வரும் விவாகரத்து மாப்பிள்ளையைத் தாலிக்கட்டிலிருந்து விடுவிக்கும். போலீஸ் கேள்வியிலிருந்து விடுவிக்காது.

அந்த மனுவைத் தடுக்க அலையாதீர்கள். அதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. கடைசி நாளில் என்ன நடந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினாள், பிறகு எங்கெல்லாம் தேடினார் என்று அவர் சத்தியம் செய்து சொல்லியாக வேண்டும். நீதிமன்ற அனுமதியோடு அந்தச் சாட்சியத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். 2017இல் போலீசிடம் சொன்னதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அவர்மீது நான் பழி போடவில்லை. கடைசியாகப் பார்த்தவர் சொல்லிலிருந்துதான் எந்தத் தேடலும் தொடங்கும், அவ்வளவே.

‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்பது சட்டத்தில் இல்லாத வாசகம். துப்புத் துலங்கவில்லை என்று முடித்தாலும் மாஜிஸ்திரேட்டிடம் அறிக்கை போக வேண்டும். அதை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985லேயே சொல்லியாகிவிட்டது. எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் திருமங்கலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போடுங்கள். அறிக்கை எதுவும் போகவில்லை என்றால் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. போயிருந்தால் ஆட்சேப மனுவும் மேல்விசாரணைக் கோரிக்கையும் வையுங்கள். புதிய சட்டங்கள் வந்த 2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை என்பதால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே, அதாவது 173(8), பொருந்தும்.

ஊரில் எல்லோரும் ஆட்கொணர்வு மனு போடச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் அது நல்ல ஆயுதம். இத்தனை வருஷம் கழித்து ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையில் அதைப் போட்டால், ‘யார் அடைத்து வைத்திருக்கிறார்கள்?’ என்ற முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இராது. விசாரணையை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கோரும் ரிட் மனுதான் பொருத்தம்.

உடல் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேவகப் பெருமாள் வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு பெங்களூரில் ஷாகரே கலீலி என்ற, நான்கு பெண்களுக்குத் தாயானவர் காணாமல் போனார். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. கேட்கும்போதெல்லாம் இரண்டாவது கணவர் ஒவ்வொரு கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஒருத்தி விடாமல் புகாரோடு அலைந்தாள். 1994இல் அந்த வீட்டு வளாகத்துக்குள்ளேயே உடலைத் தோண்டி எடுத்தார்கள். கணவருக்கு ஆயுள் முழுக்கச் சிறை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. அவ்வளவு செல்வாக்கான குடும்பத்துக்கே மூன்று வருஷம் ஆயிற்று.

உங்கள் தங்கைக்கும் அதுதான் நேர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. தானாகவே போயிருக்கவும் கூடும். வயது வந்தவள், கண்டுபிடித்தாலும் திரும்பி வா என்று எந்தக் கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது. ஆனால் ‘போயிருக்கும்’ என்ற ஊகத்தை வைத்துக்கொண்டு தேடாமல் இருக்க போலீசுக்கு உரிமை கிடையாது.

பவுன் விஷயத்தை இதோடு கலக்காதீர்கள். ‘நகைத் தகராறு’ என்று ஒரு வரி எழுதி ஃபைலை ஓரங்கட்ட அதுவே போதும். தவிர, அவள் இல்லை என்றே ஆனாலும் அந்த நகைக்கு முதல் வாரிசுகள் அவள் குழந்தையும் கணவரும்தான், நீங்கள் அல்ல.

அந்த ரிட் மனுவில் என்ன கேட்பது? செல்போன் அழைப்பு விவரத்தை அப்போதே வாங்கினார்களா என்று கேளுங்கள். வாங்கியிராவிட்டால் இனி கம்பெனியிடமிருந்து கிடைப்பது கஷ்டம். அடுத்து, 2017 மே முதல் மதுரை, விருதுநகர், திண்டுக்கல், தேனி, சிவகங்கை மாவட்டங்களில் கண்மாயிலும் கிணற்றிலும் தண்டவாளத்திலும் கிடைத்த அடையாளம் தெரியாத பெண் உடல்களின் 174ஆம் பிரிவு மரண விசாரணைக் கோப்புகளைத் தேடச் சொல்லுங்கள். ரயில்வே போலீஸ் கோப்புகள் தனி, அதை மறந்துவிடுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் அம்மாவின் ரத்த மாதிரியை டி.என்.ஏ. சோதனைக்கு இப்போதே எடுத்து வைக்க உத்தரவு கேளுங்கள். 68 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மனுவில் அதுவே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.