செட்டும் இவறன்மையும்

பொருளைப் போற்றுக என்பது நம் பாடசாலைகளில் ஆசிரியர் மாணவர்க்கு முதன்முதற் புகட்டும் நீதிகளுள் ஒன்று. சிந்திய சோற்றைப் பொறுக்கி எடு, எண்ணெயை அளந்து வார், எழுதிய தாளின் மறுபுறத்தையும் பயன்படுத்து என்று நாம் நாள்தோறும் சொல்லி வருகின்றோம். சொல்லுதல் தக்கதே. ஆயின், அந்நீதிக்கு ஓர் எல்லை உண்டென்பதையும், அவ்வெல்லையைக் கடந்தவிடத்து அது நீதியன்றி அநீதியாய் முடியும் என்பதையும் நம்மிற் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு பாதியே கற்ற மாணவன், வளர்ந்து வீட்டிற்கோ ஊருக்கோ தலைவனாகும்பொழுது, தான் செய்யும் கொடுமையையும் செட்டு என்றே எண்ணிக்கொள்வான். ஆதலின் இப்பாடத்தின் மறுபாதியை ஆசிரியர்கள் எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இங்கு ஆராய்வாம்.

திருவள்ளுவனார் இவ்விரு பாதியையும் வகுத்துக் காட்டியுள்ளார். வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்திலே, வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் மிகாதாயின் கேடில்லை என்பதும், கொடுக்குங்காலும் தன் அளவறிந்து கொடுத்தல் வேண்டும் என்பதும் கூறப்பட்டன. இது செட்டு. குற்றங்கடிதல் என்னும் 44-ஆம் அதிகாரத்திலோ, இவறன்மையை ஏனைக் குற்றங்களோடு சேர்த்து எண்ணாது, தனியே வைத்து எண்ணத்தக்க பெருங்குற்றமாக வைத்தார். செய்யவேண்டியவற்றைச் செய்யாது பிடித்துவைத்த செல்வம் நில்லாது கெடும் என்பதும் அவ்வதிகாரத்துக் கருத்தே. கொடுக்கவேண்டிய இடத்துப் பொருளைக் கொடாமையே இவறல் என்பர் உரைகாரர். எனவே, கொடாமை எல்லாம் இவறன்மை அன்று; வேண்டிய இடத்துக் கொடாமையே இவறன்மை என்பது பெறப்படும்.

மேலும் ஒன்று நோக்குக. இவ்விரண்டு அதிகாரங்களும் பொருட்பாலில் அரசியலின்கண் நிற்கின்றன. உலோபி என்றவுடன் பழம்பெட்டியின்மேல் உறங்கும் ஒரு கிழவனையே நாம் நினைக்கின்றோம். அவனால் வருந்துவோர் அவன் வீட்டார் சிலரே. நாடாள்வோரிடத்து இக்குற்றம் புகுமாயின் வருந்துவோர் தொகைக்கு அளவில்லை. ஆதலினாலன்றோ ஆசிரியர் இதனை அரசன் கடியவேண்டிய குற்றங்களுள் வைத்தார். இதற்குச் சரித்திரத்திலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுவாம்.

முதலாவது சான்று சென்னை மாகாணத்துப் பெரும்பஞ்சம். 1873-ஆம் ஆண்டு பீகாரில் மழை பொய்த்தபொழுது, நிவாரண வேலையை நடத்தியவர் சேர் றிச்சர்ட் தெம்பிள் என்னும் அதிகாரி. அவர் பர்மாவிலிருந்து ஏறக்குறைய 4½ இலட்சம் தொன் அரிசி வருவித்து மக்களுக்கு உதவினார். பட்டினிச்சாவு மிக அருகிற்று. அதன்பொருட்டு அவரை வாழ்த்தியவர் சிலர். அரசாங்கப் பணத்தை அளவின்றிச் செலவிட்டார் என்று இகழ்ந்தவர் பலர். பின்னர்த் தென்னாட்டிலே பஞ்சம் மூண்டபொழுது, இராசப்பிரதிநிதியாகிய லிற்றன் பிரபு 1877-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதே தெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். சிக்கனம் என்பதே இம்முறை அவருக்கு இடப்பட்ட கட்டளை. முன்னர்ப் பெற்ற பழிச்சொல்லும் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை போலும். நிவாரண வேலையிற் கல்லுடைத்து மண்சுமந்த ஆடவன் ஒருவனுக்கு நாட்கூலி ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று அவர் குறைத்தார். பெண்டிருக்கும் சிறாருக்கும் அதனினுங் குறைவு.

சென்னைச் சுகாதார அதிகாரியாகிய வைத்தியர் கோர்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். உழைக்கும் உடம்புக்கு ஒன்றரை இறாத்தல் தானியமாவது வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் கட்சி. கூலியிலே மிச்சம் பிடித்த அரை இறாத்தல், உழைப்பவன் தசையிலிருந்து பிடித்ததேயாம் என்பது அவர் வாதத்தாற் பெறப்படும் பொருள். சில திங்களுக்குள் மாகாண அரசாங்கம் அளவை ஓரளவு உயர்த்திற்று. ஆயினும் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்திலே, மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அத்தனை உயிரும் அரை இறாத்தலால் மட்டும் போயின என்று நாம் சொல்லவில்லை. மழையின்மையும் விலையேற்றமும் கொள்ளைநோயும் உடன்நின்றன. எனினும், ஒரே அதிகாரி ஒருமுறை கைநீட்டியபொழுது உயிர்கள் பிழைத்தமையையும், மறுமுறை கைசுருக்கியபொழுது உடம்புகள் ஒட்டிப்போனமையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அவ்வாண்டளவிலேயே யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் பேதிநோயும் பரவின. அப்பொழுது ஆறுமுக நாவலரவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி நிறுவி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். இல்லறமும் செல்வமும் இல்லாத ஒருவர் செய்த காரியம் இது. கைப்பொருளின் சிறுமை இவறன்மைக்குக் காரணமாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நம் மாணவர்க்கு வேண்டுமோ?

இரண்டாவது சான்று நம் கண்முன் நிகழ்ந்தது. ஓர்ஸ் ஹில் என்னும் உவர்மலையைச் சூழ்ந்து வாழும் நமக்குத் துறைமுகமே கண்ணுக்குத் தோன்றும் செல்வம். நம் கலத்தில் விழும் சோறோ தம்பலகாமத்து வயலிலும் கந்தளாய் வயலிலும் விளைகின்றது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் திடீரென்று தடுத்தது. நஞ்சற்ற உணவு என்னும் நோக்கம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணி அருகியிருந்த அக்காலத்திலே பசளைக்குச் செல்லும் டொலர் மிஞ்சும் என்னும் எண்ணமும் உடனிருந்தது. இயற்கைப் பசளை தீதென்று நாம் சொல்லோம். ஆயின் அது போதிய அளவில் ஆயத்தமாகுமுன்னரே பழையது நிறுத்தப்பட்டது. பயிருக்கு வேண்டும் பருவத்தில் பசளை கிட்டாமையால் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டதாயினும் பெரும்போகத்துக்கு அது காலங்கடந்த உதவியாயிற்று. 2022 ஜனவரியில் விவசாயிகளுக்கு நட்டஈடாக 4,000 கோடி ரூபா அறிவிக்கப்பட்டது. அதன்மேலும், ஏறக்குறையத் தன்னிறைவு பெற்றிருந்த நாடு பிறநாட்டு அரிசியைப் பெருந்தொகையாக வாங்கவேண்டியதாயிற்று. மிச்சம்பிடிக்க எண்ணிய டொலர் அரிசி வாங்கும் டொலராய்ப் புறம்போயிற்று.

இனி, இவ்வயல்களின் பழைய வரலாற்றையும் மாணவர்க்கு நினைவூட்டுதல் நன்று. கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்துக் கோணேசர் கோயிலுக்கு வயலும் பணியும் வகுத்தவன் குளக்கோட்டன் என்பது கோணேசர் கல்வெட்டுக் கூறும் மரபு. சரித்திரகாரர் அக்குளத்தை ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அக்கபோதி மன்னனுக்கு உரித்தாக்குவர். கட்டியவர் யாவராயினும் ஆகுக. பெருஞ்செலவு செய்து அணைகட்டிய அக்கையை ஊதாரி என்று இன்று இகழ்வார் எவரும் இலர். அவன் அப்பொருளைப் பண்டாரத்திற் பூட்டி வைத்திருப்பின் அதன் சுவடும் நமக்குத் தெரியாது. நீராக்கி விட்டமையால் அது நூற்றாண்டுகள் கடந்தும் நெல்லாகி வருகின்றது.

இவற்றிலிருந்து, செட்டு எங்கே முடிந்து இவறன்மை எங்கே தொடங்குகின்றது என்று அறிதற்கு மூன்று உரைகற்கள் கிடைக்கின்றன. முதலாவது, மிஞ்சிய பொருள் எதன்பொருட்டு மிஞ்சியது? நாளைய தேவைக்கெனின் செட்டு. மிஞ்சவேண்டும் என்பதற்காகவே மிஞ்சிற்றெனின் இவறன்மை. இரண்டாவது, குறைவைத் தாங்குபவர் யாவர்? தன் சுகத்தைக் குறைத்தல் செட்டு. தன் சொல்லுக்கு அடங்கியிருப்பவர் வயிற்றைக் குறைத்தல் இவறன்மை. தெம்பிள் குறைத்தது தம் உணவை அன்று. மூன்றாவது, இன்று இழப்பதை நாளை மீட்கலாமோ? ஒரு புதுச்சேலையை அடுத்த ஆண்டு வாங்கலாம். தப்பிய பருவமும், வளரும் வயதில் வாடிய உடம்பும், கடந்துபோன கல்விக்காலமும் எவ்வளவு பொருள் கொடுப்பினும் மீளா.

இம்மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்க்க. முதல்நாட் காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்லாது கூலியை மிச்சம் பிடித்தவர், பத்தாம் நாள் அதனிற் பன்மடங்கு செலவிடுகின்றார். யாவர்க்கும் இட்டபின் எஞ்சியதை உண்டு தன்னுடம்பை வாட்டும் தாயின் செயலை வீட்டார் பொறுமை என்று புகழ்கின்றனர். அவ்வீட்டிலே பெட்டியிற் பணம் இருக்குமாயின் அப்புகழ் வீட்டார் இவறன்மைக்கு இட்ட திரையேயாம். இதற்கு மறுதலையாக, பிடியரிசி என்னும் நம் வழக்கத்தை நோக்குக. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வைத்தல் செட்டு. அதனைக் கோயிலுக்கும் பாடசாலைக்கும் வறியவர்க்கும் திறந்துவிடுதல் அச்செட்டின் பயன். எடுத்து வைக்கும் கையும் திறக்கும் கையும் ஒன்றாயிருத்தலே அவ்வழக்கத்தின் சிறப்பு.

பாடசாலையிலும் இக்குற்றம் உண்டு. அழுக்குப்படும் என்று நூல்நிலைய அலுமாரியைப் பூட்டி வைக்கின்றோம். சில ஆண்டுகளில் மாணவர் கை படாத அந்நூல்களைச் செல் அரித்துவிடுகின்றது. உடையும் என்று விஞ்ஞானக் கருவிகளைப் பெட்டியினின்றும் எடுப்பதில்லை. கூரையில் ஓடு ஒன்று விலகியபொழுது மாற்றாது விட்டு, மரம் உளுத்தபின் கூரை முழுவதையும் மாற்றுகின்றோம். இவையெல்லாம் கணக்கேட்டிற் சேமிப்பாகவே தோன்றும். மாணவனது காலமே இங்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அது கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை.

ஆசிரியர்கள் இங்கு ஒன்றை மிக எச்சரிக்கையாகக் காத்தல் வேண்டும். வறுமையை இவறன்மை என்று ஒருபொழுதும் மயங்கலாகாது. கொப்பி வாங்கித்தராத தந்தை உலோபியாயிருத்தல் அரிது. அன்றாடம் கூலி கிடையாதவராயிருத்தலே பெரும்பான்மை. இப்பாடத்தைக் கேட்ட மாணவன் வீட்டிற்குச் சென்று தன் பெற்றோரைப் பழிப்பானாயின் பாடம் பிழைத்தது என்க. ஆதலின் மாணவர் வீட்டு நிலையை உதாரணமாக எடுத்தல் கூடாது. உண்டியலில் அதிகம் சேர்த்தவனைச் சபையில் எழுப்பிப் புகழ்தலும் தக்கதன்று. சேர்த்த தொகையை அன்று, சேர்த்ததைக் கொண்டு செய்த காரியத்தையே புகழ்தல் வேண்டும்.

பாடம் முடிந்தபின் ஆசிரியர் பின்வருவனவற்றை வினாவலாம். தெம்பிள் 1874-இலும் 1877-இலும் செய்தவற்றுள் எதனைச் செட்டு என்பாய்? கோர்னிஷ் கேட்ட அரை இறாத்தலால் அரசாங்கத்துக்கு ஏற்படும் செலவு யாது, கொடாமையால் ஏற்பட்ட செலவு யாது? பசளைத் தடையைப் படிப்படியாகச் செய்திருப்பின் வயலில் என்ன நிகழ்ந்திருக்கும்? நம் வகுப்பில் பூட்டிக் கிடக்கும் பொருள் எது, அதனைத் திறத்தற்குத் தடை யாது? கடைசி வினாவுக்கு மாணவர் கூறும் விடையை ஆசிரியர் அன்றே நிறைவேற்றுதல் வேண்டும். திறவாத அலுமாரியின்முன் நின்று ஈகையைக் கற்பிக்கும் ஆசிரியரை மாணவர் நம்பார்.

பொருளை ஆளத் தெரிந்தவனுக்குச் செட்டு ஒரு கருவி. அக்கருவியே அவனை ஆளத் தொடங்குமாயின் அவன் வறியவனினும் வறியன். எண்ணிச் செலவிடும் அறிவையும், எண்ணாது கொடுக்கவேண்டிய வேளையை உணரும் அறிவையும் ஒருங்கே நம் சிறார்க்கு ஊட்டுவோமாக.