டிசையரா, அமேஸா?

அன்புள்ள மருமகனுக்கு,

கார் வாங்கப்போகும் சேதியை அக்கா சொன்னாள். டிசையரா, அமேஸா என்று பெங்களூரில் வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறதாம்.

நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் வரி குறைவு. அதற்காகவே இரண்டும் 3,995 மில்லிமீட்டரில் நிற்கின்றன. ஆறு ஏர்பேக் இரண்டிலும் அடிப்படை மாடலிலேயே உண்டு. மாருதி என்றாலே தகரம் என்ற பழைய பேச்சையும் விட்டுவிடலாம்: 2024 நவம்பரில் வந்த டிசையர், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதியில் அதுவே முதல்முறை.

யோசிக்க வேண்டியது கியர்பாக்ஸைத்தான். மருமகளும் ஓட்டுவாள் என்பதால் ஆட்டோமேட்டிக் என்று முடிவாகிவிட்டது. டிசையரில் வருவது ஏ.எம்.டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதித்து கியரை மாற்றும் வேலையை இயந்திரம் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி ஒரு கணம் தயங்கும். சில்க் போர்டு சந்திப்பில் நகர்ந்து நின்று நகரும்போது அது நன்றாகத் தெரியும். அமேஸின் சி.வி.டி.யில் கியர் படிகளே இல்லை. பெல்ட்டும் புல்லியும் விகிதத்தைச் சீராக மாற்றிக்கொண்டே போகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் என்பதால் சிக்னலில் நிற்கும்போதும் அதிர்வு குறைவு. டிசையரில் மூன்று சிலிண்டர். ஆனால் நெடுஞ்சாலையில் லாரியை முந்த அழுத்தி மிதித்தால், சி.வி.டி.யில் முதலில் எஞ்சின் இரையும், வேகம் பிறகுதான் வரும்.

மைலேஜில் டிசையருக்கே வெற்றி. ஆட்டோமேட்டிக்கில் நிறுவனக் கணக்கு லிட்டருக்கு 25.71 கி.மீ.; அமேஸுக்கு 19.46. சாலையில் இரண்டும் குறையும். மாதம் 500 கி.மீ. ஓடினால் வித்தியாசம் ஆறேழு லிட்டர்தான். 2,000 கி.மீ. ஓடுகிறவருக்கு அது பெரிய தொகை. அவருக்கு டிசையரே சரி. சி.என்.ஜி. மாடலைப் பார்க்காதே, சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும்.

அலுவலகம், பள்ளிக்கூடம், மாதம் ஒருமுறை சேலம் என்பதே உங்கள் ஓட்டம். அதற்கு அமேஸ் சி.வி.டி.யை எடு. விலை கூடுதல்தான், ஆனால் டிக்கி 416 லிட்டர், டிசையரில் 382. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் ஏறும்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலியான சாலையில் கூட்டிப்போவார்கள். ஒத்துக்கொள்ளாதே. மாலை ஆறு மணிக்கு நெரிசலில் ஓட்டிப் பார். மருமகள் ஓட்டட்டும், அக்காவைப் பின்சீட்டில் உட்காரவை.

அன்புடன்,
மாமா