கலி செய்ததா... நளன் செய்ததா?

"குதிகால் நனையற மாதிரி நல்லா கழுவுடி... இல்லேன்னா சனி புடிச்சுக்கும்!"

விளையாடிவிட்டு வீட்டுக்குள் ஓடிவரும் பிள்ளைகளிடம் நம் பாட்டிமார்கள் சொன்ன வார்த்தை இது. இன்று நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். இதற்குப் பின்னால் இருப்பது நள மகாராஜாவின் சரித்திரம். காலில் துளி இடம் நனையாமல் போனதற்காக ஒரு ராஜா நாட்டை இழந்து, மனைவியைப் பிரிந்து, உருவமே மாறித் திரிந்தான் என்றால், கேட்கவே மனம் பதறுகிறது அல்லவா?

அந்த நளனுக்கு விடிவு தந்த தலம் என்று தலபுராணம் போற்றுவது, காரைக்காலை அடுத்த திருநள்ளாறு. ஒரு சனிக்கிழமை அங்கே வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஓர் அக்கா பேச்சுக் கொடுத்தார். கையில் எள் தீபத் தட்டு. கண்ணில் தூக்கமே இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடக்குதும்மா. போன்லயே சீட்டு விளையாடி, நகையெல்லாம் போச்சு. திட்டவும் மனசு வரல. சனி பண்றதுக்கு அவர் என்ன செய்வார், சொல்லு? முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீடு திரும்பியதும் நளன் கதையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அந்த அக்காவின் கேள்விக்கு அதிலேயே பதில் இருந்தது!

சிறு வழி... பெரிய வீழ்ச்சி!

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வருகிறது இந்தக் கதை. சூதில் நாடிழந்து காட்டில் இருக்கிறார் தருமர். "என்னைப் போல் துரதிர்ஷ்டசாலியான அரசன் உண்டா?" என்று அவர் கலங்க, பிருகதச்வ முனிவர் நளனின் கதையைச் சொல்கிறார். தமிழில் இதைப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகவும், அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் பாடி வைத்திருக்கிறார்கள்.

நிடத நாட்டு மன்னன் நளன். விதர்ப்ப நாட்டு இளவரசி தமயந்தி. சுயம்வரத்துக்கு இந்திரன், அக்னி, வருணன், எமன் ஆகிய நால்வரும் வந்திருந்தும், அவள் மாலையிட்டது நளனுக்கே. தேவர்கள் மனமகிழ்ந்து வரம் தந்து திரும்ப, வழியில் எதிர்ப்பட்டான் கலிபுருஷன். தாமதமாக வந்தவனுக்கு ஆத்திரம். "நளனைப் பிடித்து ஆட்டுவேன்" என்று சபதம் செய்தான். (வியாசர் சொல்வது கலியை. திருநள்ளாறு தலபுராணத்தில் அந்த இடத்தில் இருப்பவர் சனி பகவான்.)

சபதம் செய்தவனால் உடனே நளனைப் பிடிக்க முடிந்ததா? அதுதான் இல்லை! 12 வருடங்கள் காத்திருந்தான். நளனின் அனுஷ்டானத்தில் ஓட்டையே இல்லை. 12-ம் வருடம், கால் கழுவாமல் சந்தியாவந்தனத்துக்கு அமர்ந்தான் நளன். அந்த ஒரு கவனக்குறைவுதான் கலி நுழைந்த வாசல்.

கவனியுங்கள். கலிக்குப் பலம் உண்டு. ஆனால், கதவைத் திறக்கும் சாவி அவனிடம் இல்லை.

உள்ளே கலி இருந்தும்...

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். தம்பி புஷ்கரன் சூதுக்கு அழைக்கிறான். துவாபரன் பகடைக் காய்களில் புகுந்து துணை நிற்கிறான். மாதக்கணக்கில் ஆட்டம். அமைச்சர்களும் குடிமக்களும் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறார்கள். தமயந்தி அழுது கெஞ்சுகிறாள். நளன் காதில் எதுவும் விழவில்லை. பொன், தேர், நாடு எல்லாம் போயிற்று.

கடைசியில் புஷ்கரன் சிரித்தபடி கேட்கிறான்: "மிச்சம் இருப்பது தமயந்திதான். அவளைப் பணயமாக வைக்கிறாயா?"

நளன் நெஞ்சு வெடித்தது. பதில் பேசவில்லை. நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை ஆடையுடன் எழுந்து வெளியேறினான்.

அந்த நொடியிலும் கலி அவனுக்குள்தான் இருந்தான்! ஆனாலும் நளனால் எழுந்துவர முடிந்தது. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த தருமருக்கு அப்போது மனதில் என்ன ஓடியிருக்கும்? அவர் திரௌபதியைப் பணயம் வைத்தவராயிற்றே!

கடைசிப் பணயத்தில் எழ முடிந்தவனால், முதல் பணயத்தில் எழ முடிந்திருக்காதா? இந்தக் கேள்வியை நம்மிடமே விட்டுவிடுகிறது கதை.

காட்டில் தூங்கும் தமயந்தியின் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு பிரிந்தபோதும் இப்படித்தான். போகிறான், திரும்ப வருகிறான். மறுபடி போகிறான், மறுபடி வருகிறான். கலி ஒரு பக்கம் இழுக்க, பாசம் மறுபக்கம் இழுத்தது. அங்கே கலி ஜெயித்தான்.

கர்ணனையும் பாருங்கள். பரசுராமரின் சாபம், பசுவை இழந்த அந்தணரின் சாபம் இரண்டும் சேர்ந்து போர்க்களத்தில் அவனைச் சாய்த்தன. தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்தது சாபத்தால்தான். ஆனால், சபையில் திரௌபதியை அவன் இழித்துப் பேசியதற்கு எந்தச் சாபமும் காரணம் இல்லை. சக்கரம் புதைந்த நேரத்தில் கண்ணன் அவனுக்கு நினைவூட்டியது அதைத்தான்.

கலி எப்படி விலகினான்?

நளனைக் கார்க்கோடகன் என்ற நாகம் தீண்டியது. உருவம் மாறி, பாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் ருதுபர்ணனிடம் தேரோட்டியானான். நாகத்தின் விஷம் நளனை வருத்தவில்லை. உள்ளிருந்த கலியைத்தான் எரித்தது. ஆனாலும் கலி வெளியேறவில்லை.

ஒருநாள் வழியில் ஒரு தான்றி மரத்தின் காய்களை எண்ணாமலேயே கணக்குச் சொன்னான் ருதுபர்ணன். நளன் எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. தன் குதிரை வித்தையைத் தந்து, பதிலுக்குப் பகடையின் ரகசியத்தைக் கற்றுக்கொண்டான். கற்ற அந்தக் கணத்தில் கலி விஷத்தைக் கக்கியபடி வெளியே வந்தான்!

தான் அறியாத ஆட்டத்தில் தோற்றவன் நளன். அறியாமை நீங்கியதும் கலியும் நீங்கினான். கலி கைகூப்பிக் கெஞ்ச, நளன் அவனைச் சபிக்கவில்லை.

பிறகு தமயந்தியிடம், நாட்டை இழந்ததும் அவளைப் பிரிந்ததும் கலியின் செயல் என்றான் நளன். அதோடு, அந்தக் கலியைத் தன் முயற்சியாலும் தவத்தாலும் வென்றதாகவும் சொன்னான். சூதில் நாட்டை மீட்டபோதோ, கலி செய்த குற்றத்தை உன் தலையில் ஏற்றமாட்டேன் என்று தம்பியை மன்னித்து மரியாதையுடன் அனுப்பினான். கிரகத்தின் பெயரைச் சொல்வது பிறரை மன்னிக்க உதவட்டும். நம் முயற்சியை நிறுத்த உதவக்கூடாது. நளன் காட்டும் பாடம் இதுதான்.

அந்த அக்காவுக்கு...

தமயந்தி என்ன செய்தாள் தெரியுமா? கணவன் தன்வசம் இல்லை என்பது புரிந்ததும், அவனை வெறுக்கவில்லை. வெறுமனே காத்திருக்கவும் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சாரதி வார்ஷ்ணேயனை அழைத்து, இரண்டு குழந்தைகளையும் தேரில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதன் பிறகுதான் கணவனோடு காட்டுக்குப் போனாள். பாசமும் இருந்தது, நிதானமும் இருந்தது.

திருநள்ளாறு செல்பவர்கள் நள தீர்த்தத்தில் நீராடி, தர்ப்பாரண்யேஸ்வரரையும் அம்பாளையும் வணங்கி, பிறகு சனி பகவான் சந்நிதிக்குச் செல்லுங்கள். கார்க்கோடகன், தமயந்தி, நளன், ருதுபர்ணன் ஆகிய நால்வரையும் நினைத்தால் கலியின் துன்பம் அணுகாது என்பது பெரியோர் வாக்கு. உள்ளிருந்த கலியை எரித்தவன், கலங்கினாலும் செயல்பட்டவள், விழுந்தும் எழுந்தவன், அறிவைக் கொடுத்தவன்... நால்வரையும் சேர்த்துச் சொல்லியிருப்பதில் எத்தனை அர்த்தம்!

இந்த இதழ் அந்த அக்காவின் கைக்குக் கிடைத்தால் நான் சொல்ல நினைப்பது இதுதான். தீபம் ஏற்றுங்கள் அக்கா. ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய், மிச்சமிருக்கும் நகையையும் பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் பத்திரமான இடத்தில் வையுங்கள். உங்கள் வீட்டுக்காரருடன் உட்கார்ந்து பேசுங்கள். உள்ளே கலி இருக்கும்போதே எழுந்து வந்தவன் நளன். அவராலும் எழ முடியும்!