குழி தோண்டியவர் ஒப்பந்தக்காரர். நோட்டீஸ் வந்தது நமக்கு

கடைக்குப் பின்னால் குடோன் கட்ட ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர் இணைப்புக்காக ஜேசிபி வந்து வாசலில் தோண்டுகிறது. ஒரே இழுப்பில் தொலைபேசி நிறுவனத்தின் கண்ணாடியிழை கேபிள் அறுந்துவிடுகிறது. கடைத்தெரு முழுவதும் கார்டு மிஷின் நின்றுபோகிறது. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. சில நாட்களில் பழுது பார்த்த செலவைக் கேட்டு நம் பெயருக்கு நோட்டீஸ் வருகிறது. நாம் கட்டத்தான் வேண்டுமா?

இதற்குப் பதில், வேலை செய்தவர் நமக்கு யார் என்பதைப் பொறுத்தது. நாம் சம்பளம் கொடுத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்றும் நாமே சொல்லி வேலை வாங்கினால் அவர் நம் ஆள். அவர் கவனக்குறைவுக்கு நாமே பொறுப்பு. வேலையை மொத்தமாக ஒப்படைத்து, செய்யும் முறையை அவரிடமே விட்டுவிட்டால் அவர் சுதந்திர ஒப்பந்தக்காரர். அவர் செய்த தவறுக்குப் பொதுவாக நாம் பொறுப்பல்ல. ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த இந்தக் கொள்கையைத்தான் நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன.

ஆனால் நம்மில் பலர் செய்வது என்ன? காகிதத்தில் காண்ட்ராக்ட், நடைமுறையில் குடையைப் பிடித்துக்கொண்டு குழியருகே நின்று, "இன்னும் ரெண்டு அடி போங்க, இந்தப் பக்கம் வெட்டுங்க" என்று நாமே மேஸ்திரி வேலை பார்க்கிறோம். பின்னால் "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொன்னால் எடுபடுவது கடினம்.

விதிவிலக்குகளும் உண்டு. பொதுச் சாலையில் செய்யும் ஆபத்தான வேலையில் எச்சரிக்கை கடமையைப் பிறர் தலையில் கட்டிவிட முடியாது. 1899-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாலிடே வழக்கை இதற்குச் சொல்வார்கள். ஒரு தொலைபேசி நிறுவனம் தெருவில் கம்பி பதித்தது. குழாய் இணைக்கும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தது. அவருடைய ஆளின் கையிலிருந்த விளக்கு வெடித்து, உருகிய ஈயம் வழிப்போக்கர் மேல் தெறித்தது. ஒப்பந்தக்காரர் செய்த தவறுதான் என்றாலும் நிறுவனமே பொறுப்பு என்றது நீதிமன்றம். நம் குழி மதிலைத் தாண்டித் தெருவுக்குள் போகும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். தகுதியில்லாத ஆளைத் தேர்ந்தெடுத்ததும், கேபிள் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் விட்டதும் நம் சொந்தக் கவனக்குறைவாகவே கருதப்படும்.

தண்டனைச் சட்டங்கள் தனி. தொலைத்தொடர்பு வலையமைப்பைச் சேதப்படுத்துவோர் இழப்பீடும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கட்ட நேரிடலாம் என்கிறது 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 139-வது பிரிவின்படி, கவனக்குறைவால் மின் பொருட்களைச் சேதப்படுத்தினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. அபராதம் சேதம் செய்தவருக்கு. இழப்பீடு கேட்பவரோ யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரையும் வழக்கில் சேர்ப்பார். அது பெரும்பாலும் கடைக்காரராகவே இருக்கும்.

ஆகவே தோண்டுமுன் விசாரிப்பதுதான் மலிவு. 2023 மார்ச்சில் மத்திய அரசு "கால் பிஃபோர் யு டிக்" என்ற செயலியைத் தொடங்கியது. தோண்டும் இடத்தையும் நாளையும் அதில் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பதாகப் பதிவு செய்துள்ள நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய குடிநீர்க் குழாய் எங்கே திரும்புகிறது என்பது பல ஊர்களில் நகராட்சி வால்வு ஆபரேட்டரின் மனதில்தான் இருக்கிறது. மின்வாரிய லைன்மேனையும் அழைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். விசாரித்ததை எழுத்தில் வைத்திருப்பது அவசியம்.

மின் கேபிளை மணலில் பதித்து, மேலே செங்கல்லோ ஓடோ பரப்புவது வழக்கம். ஜேசிபி வாளிக்கு அந்தச் செங்கல் தெரியாது. மண்வெட்டி பிடித்தவர் கண்ணில் படும். முதல் ஒரு மீட்டரைக் கையால் தோண்டச் சொன்னால் கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில், பூமிக்கடியில் உள்ள இணைப்புகளுக்குச் சேதம் ஏற்பட்டால் ஒப்பந்தக்காரரே ஈடு செய்ய வேண்டும் என்ற ஷரத்து இருக்கட்டும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 124-வது பிரிவு இத்தகைய ஈட்டுறுதியை ஏற்கிறது. இது நமக்கும் அவருக்கும் இடையில் மட்டுமே செல்லும், கேபிள்காரரைத் தடுக்காது. கையில் பணம் இல்லாத ஒப்பந்தக்காரரின் கையெழுத்தால் பயனும் இல்லை. எனவே கடைசித் தவணையில் ஒரு பகுதியை வேலை முடிந்து சில வாரங்கள் வரை நிறுத்தி வையுங்கள். அவரிடம் காண்ட்ராக்டர் பாலிசி இருந்தால் வாங்கிப் படியுங்கள். தோண்டுமுன் கேபிள் இருக்குமிடத்தை உரிய அலுவலகத்தில் விசாரித்திருந்தால்தான் பணம் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு.

சேதம் நேர்ந்தேவிட்டால் குழியை மூடாதீர்கள். மின் கேபிள் என்றால் எல்லோரையும் விலக்கிவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். பிறகு, நெருங்குவது பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னதும், அளவுநாடாவை வைத்துக் கேபிள் கிடந்த ஆழம் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். விதிப்படியான ஆழமின்றி அரை அடியிலேயே பதித்திருந்தால், இழப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று வாதாட அந்தப் படம்தான் சாட்சி. நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது அதன் பிரதியையும், செலவுக் கணக்கைப் பிரித்துத் தரும்படி கேட்கும் வரியையும் சேர்த்து, ஒப்பந்தக்காரருக்கும் அன்றே பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.