முழுமைக்குக் காத்திராமல் முன்னேறுவோம்

கிராமத் தொழில் எதுவாயினும், அதன் நடைமுறையைச் சீர்திருத்தும் பேச்சு எழும்போது இரு தடைகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று சோம்பல். மற்றொன்று, செய்தால் முழுமையாகச் செய்ய வேண்டும், இல்லையேல் தொடவே கூடாது என்னும் பிடிவாதம். சோம்பலை யாவரும் கண்டிக்கிறோம். பிடிவாதமோ நல்லெண்ணத்தின் வேடம் பூண்டு வருவதால் நம் கண்ணில் படுவதில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கெய்ரா காட்டிய வழி

1946 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள், அன்றைய பம்பாய் மாகாணத்துக் கெய்ரா மாவட்டத்தில், சமர்க்கா என்னும் ஊரில் விவசாயிகள் கூடினர். இடைத்தரகர் வைத்த விலைக்குப் பால் கொடுப்பதில்லை என்றும், சொந்தமாகச் சங்கங்கள் அமைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தனர். திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவ்வாண்டு டிசம்பர் 14 இல் மாவட்ட ஒன்றியம் பதிவாயிற்று.

1948 ஜூன் மாதத்தில் பாலைப் பதப்படுத்திப் பம்பாய் நகருக்கு அனுப்பத் தொடங்கியபோது அதில் இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். அவ்வாண்டின் இறுதிக்குள் 432 விவசாயிகள் சேர்ந்துவிட்டனர். பால் 5,000 லிட்டராக உயர்ந்தது. புதிய ஆலை 1955 அக்டோபர் 31 ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. ஆலை எழும்வரை காத்திருந்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் விவசாயிகள் பழைய தரகரிடமே பாலை ஊற்றியிருப்பார்கள்.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் எருமைகள் கோடையைவிட மிகுதியாகக் கறக்கும். அந்த மிகுதிப் பால் முழுவதையும் பம்பாய் ஏற்க இயலவில்லை. அக்குறைக்கு விடையாகவே எருமைப் பாலிலிருந்து வெண்ணெயும் பால்மாவும் செய்யும் ஆலை எழுந்தது. எத்தகைய ஆலை தேவை என்பதைச் செய்த வேலையே அவர்களுக்குக் கற்பித்தது.

நம் சங்கத்தில் தொடங்குவது எவ்வாறு?

பால் திரிந்து திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கறந்த பாலை விரைவில் 4 டிகிரி அளவுக்குக் குளிர்விப்பதே சிறந்த பரிகாரம். அதற்குரிய பெரிய குளிர்விப்பான் உடனே கிடைப்பதில்லை. அது வரும்வரை செய்யக்கூடியவை பல:

1. முதற்கண் 15 நாட்களுக்குத் திரிந்த பாலின் அளவையும், அது வந்த வேளையையும் ஒரு நோட்டில் குறித்து வருக.

2. பிறகு ஒரு மாற்றத்தை மட்டும் செய்க. கொள்முதல் நேரத்தை உறுதியாக்கலாம். அல்லது பாத்திரங்களை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கச் செய்யலாம். அல்லது கேன்களை நிழலில் வைக்கலாம்.

3. மீண்டும் 15 நாட்கள் குறித்து ஒப்பிடுக. பயன் இருப்பின் அதனை நிலையான வழக்கமாக்கி, அடுத்த குறையை எடுத்துக்கொள்க. பயன் இல்லையேல் வேறொரு மாற்றத்தை முயல்க.

ஒரே சமயத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்தால் எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது, பணியாளரும் சலிப்படைவர்.

தளர்வு கூடாத இடங்கள்

சிறிது சிறிதாக முன்னேறலாம் என்பதால் எல்லாவற்றிலும் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பொருள் கொள்ளலாகாது. அளவை, கொழுப்புச் சோதனை, பட்டுவாடாக் கணக்கு ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே பிழையற்று இருத்தல் வேண்டும். வேளைக்கு 50 மில்லி லிட்டர் குறைத்து அளந்தால், இருவேளைக் கறவையில் 30 நாட்களுக்கு 3 லிட்டர் போய்விடும். ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. நம்பிக்கை போனால் பால் மீண்டும் தரகரிடமே செல்லும். கட்டிடமும் கருவியும் பின்னர் வரலாம். நேர்மையைத் தவணை முறையில் கொண்டுவர முடியாது.

பஞ்சாயத்தின் பங்கு

கொள்முதல் நிலையத்திற்கு ஒரு தண்ணீர்க் குழாய், விடியற்காலைக் கறவைக்கு உதவும் ஒரு தெருவிளக்கு, மழையில் வண்டி புதையாத பாதை ஆகியவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்கலாம். சங்க உறுப்பினர்களோ அடுத்த கூட்டத்தில் நீண்ட தீர்மானங்களை விடுத்து, இம்மாதம் நீக்க வேண்டிய ஒரு குறை எது, அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் இரண்டை மட்டும் முடிவு செய்வார்களாக. மாதம் ஒன்றாக நீக்கினாலும் ஆண்டிற்குப் பன்னிரண்டு குறைகள் நீங்கும்.