தாதிமைப் படிப்புக்கு விண்ணப்பமா? உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்க



எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்ததும் பாட வகுப்பு நடக்கும். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது நான் அங்கே கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள், எஸ்டிபிஎம் முடித்த தங்கை ஒருத்தி கையில் ஒரு தாளோடு வந்தாள். "அண்ணா, தாதிமைப் பட்டப்படிப்புக்கு அப்ளை பண்றேன். பெர்சனல் ஸ்டேட்மெண்ட் கேக்குறாங்க. கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்றாள்.

படித்துப் பார்த்தேன். சிறு வயது முதலே தாதியாவது அவள் கனவாம். அன்பு, பொறுமை, கடின உழைப்பு எல்லாம் அவளிடம் இருக்கிறதாம். ஏழைத் தோட்டக் குடும்பம் என்பதால் கருணை காட்டி வாய்ப்புத் தர வேண்டுமாம்.

"உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டா எனக்கும் பொருந்துமே, தங்கச்சி" என்றேன். சிரித்தாள். பிறகு முகம் வாடிவிட்டது. "வேற என்னண்ணா எழுதுறது? எனக்கு ஒண்ணும் பெருசா இல்லையே."

"வீட்ல யாரையாவது நீ பார்த்துக்கிறியா?"

"பாட்டியைப் பார்த்துக்கிறேன். ஆனா அது வீட்டு வேலைதானே?"

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிக்குச் சர்க்கரை நோய். காலில் புண். அப்பா செம்பனைக் குலை வெட்டப் போய்விடுவார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போய்விடுவார். கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தபடி புண்ணைக் கழுவிக் கட்டுவது இவள்தான். காலையும் மாலையும் சர்க்கரை அளவைப் பார்த்து ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பாட்டிக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. இவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். தலைசுற்றல் வந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை! பாட்டி விரதம் இருந்துகொண்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கிறது. இவள் பாட்டியைத் திட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியிடம் காட்டினாள். மிஸ்ஸி டாக்டரிடம் சொல்ல, டாக்டர் மருந்து நேரத்தை மாற்றிக் கொடுத்தார். பாட்டியின் விரதமும் நிற்கவில்லை, தலைசுற்றலும் குறைந்தது.

இவ்வளவையும் விட்டுவிட்டு 'அன்பும் பொறுமையும் கொண்டவள்' என்று எழுதியிருக்கிறாள்!

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முன்பு ஓர் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தபோது 'கழகத் தலைவர், சிறந்த தலைமைத்துவம்' என்று நானும் எழுதினேன். நேர்முகத் தேர்வில், "தலைவரா இருந்து என்ன செஞ்சீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். வாயைத் திறக்க முடியவில்லை. அந்த உபகாரச் சம்பளமும் கிடைக்கவில்லை. அன்று நான் கற்றதுதான் இந்தப் பாடம்: பட்ட கஷ்டத்தைச் சொல்லி நிறுத்தாதீங்க. அந்தக் கஷ்டத்துல நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க.

எங்கே தேவைப்படும்?

யூபியூ வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், மெரிட் கணக்கில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. கட்டுரைக்கு அங்கே புள்ளி இல்லை. ஆனால் சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்புக்கு உண்டா என்று யூபியூ பக்கத்திலேயே பாருங்கள். தனியார் பல்கலைக்கழகம், உபகாரச் சம்பளம், வெளிநாட்டுப் படிப்பு என்று போனால் கட்டுரையே கேட்கலாம். கட்டுரைக்காகச் செய்யும் தயாரிப்பு நேர்முகத்துக்கும் அப்படியே உதவும்.

மூன்று கேள்விகள்

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முன்பு ஒரே நீளக் கட்டுரையாக எழுதச் சொன்னார்கள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. இங்கிலாந்து போக நம்மில் பலருக்கு வசதி இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குக் காசு கேட்கமாட்டார்கள். எந்த விண்ணப்பத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

1. இந்தப் படிப்பு ஏன்? 'கனவு' என்ற சொல் வேண்டாம். எந்த நாள், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? தங்கைக்கு அது, மிஸ்ஸி அவளுடைய நோட்டை வாங்கி வரி வரியாகப் படித்த நாள்.

2. படித்த பாடங்கள் எப்படித் தயார் செய்தன? உயிரியலில் இன்சுலின் பற்றிப் படித்ததும் பாட்டியின் நோட்டும் ஒன்று சேர்ந்த இடத்தை எழுதலாம்.

3. வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்? வீட்டில் நோயாளியைப் பார்த்தது, செஞ்சிலுவை, செயின்ட் ஜான், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல், எல்லாம் கணக்கில் வரும். ஆனால் பட்டியல் போடாதீர்கள். ஒன்றை எடுத்து, அதில் என்ன கற்றீர்கள் என்று சொல்லுங்கள்.

நம் நூல்கள் தரும் அளவுகோல்

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950ஆவது குறள், மருத்துவத்துக்கு நான்கு பகுதி என்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து பணி செய்பவர். சரக சம்ஹிதையும் இதே நால்வகையைச் சொல்லி, பணிவிடை செய்பவருக்கு நான்கு குணங்களைக் கேட்கிறது: பணிவிடை பற்றிய அறிவு, செயல்திறன், நோயாளி மேல் அன்பு, தூய்மை. கவனியுங்கள், அன்பு நான்கில் ஒன்றுதான். நம்மில் பலர் கட்டுரை முழுக்க அதை மட்டுமே எழுதுகிறோம். எழுதி முடித்ததும் இந்த நான்குக்கும் உங்கள் கட்டுரையில் ஒரு சான்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். தங்கைக்கு நான்கும் கிடைத்தன: சர்க்கரை ஏன் இறங்கியது என்ற அறிவு, நோட்டு எழுதிய திறன், பாட்டியின் விரதத்தை மதித்த அன்பு, புண்ணைச் சுத்தமாகக் கட்டிய தூய்மை.

படிப்பு வேற வேற, ஆள் ஒண்ணுதான்

தங்கை பல இடங்களுக்கு விண்ணப்பித்தாள். "எல்லாத்துக்கும் ஒரே கட்டுரை போதுமா?" என்று கேட்டாள். நடந்த சம்பவம் ஒன்றே போதும். அதில் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதுதான் மாறும்.

இங்கே டிப்ளோமா 3 ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் போன்றவற்றில் பட்டப்படிப்பு 4 ஆண்டு. இரண்டிலும் முடிவில் மலேசியத் தாதியர் வாரியத் தேர்வு எழுதிப் பதிவு பெற்றால்தான் வேலை. டிப்ளோமாவுக்கு எழுதும்போது புண் கட்டியது, அளவு குறித்தது போன்ற நேரடிப் பணியை முன்னால் வையுங்கள். பட்டப்படிப்பில் ஆய்வு, சமூகச் சுகாதாரம், நிர்வாகம் எல்லாம் வரும். அதனால் ஒரு கேள்வியோடு முடிக்கலாம். தங்கை இப்படி முடித்தாள்: வெள்ளிக்கிழமை விரதமோ ரமலான் நோன்போ, விரதம் இருக்கும் நோயாளிகளுக்கு மருந்தைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுத்தால் கேட்பார்கள்? இதைப் படிக்க ஆசை. சொந்த வீட்டில் பிறந்த கேள்வி ஊருக்கே உதவும் கேள்வியாகிவிட்டது.

இங்கிலாந்தில் தாதிமை நான்கு பிரிவு: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள். யூகாஸில் ஐந்து இடம் வரை தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே கட்டுரைதான் போகும். அதனால் கூடியவரை ஒரே பிரிவைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உள்ளே எழுதாதீர்கள். பெரியவர்கள் பிரிவு என்றால் நீண்டகால நோயைக் கவனித்ததைச் சொல்லுங்கள். மனநலம் என்றால், திட்டாமல் கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். சம்பவம் அதே வெள்ளிக்கிழமைதான்.

கவனிக்க வேண்டியவை

• நோயாளியின் பெயர், கார்டு எண் எதுவும் வேண்டாம். 'என் பாட்டி', 'ஒரு முதியவர்' போதும். ரகசியம் காப்பது தாதியின் முதல் கடமைகளில் ஒன்று. அதைக் கட்டுரையிலேயே காட்டுங்கள்.

• செய்யாததை எழுதாதீர்கள். நேர்முகத்தில் கேட்பார்கள். என் கதை தெரியும்தானே?

• வாட்ஸ்அப்பில் சுற்றும் மாதிரிக் கட்டுரை வேண்டாம். யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

• மதிப்பெண் குறைந்திருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். கெஞ்ச வேண்டாம்.

• ஆபத்தையும் தெரிந்து வையுங்கள். 1998–99இல் நம் மாநிலத்தின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் பரவிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். பிறகுதான் புதிய வைரஸ் என்று தெரிந்தது. இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அந்த வைரஸுக்கு வந்தது. இன்ன நோய் என்று தெரியாத நாட்களிலும் நோயாளிகளை யாரோ கவனித்தார்கள். "பயமா இல்லையா?" என்று கேட்டால் சொல்ல உங்களிடம் உண்மையான பதில் இருக்கட்டும்.

இந்த வாரப் பயிற்சி

கைப்பேசியை எடுங்கள். நீங்கள் யாரையாவது கவனித்துக்கொண்ட ஒரு நாளைத் தமிழிலேயே, அம்மாவிடம் பேசுவதுபோலப் பேசிப் பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடம் போதும். திரும்பக் கேட்டு, பார்த்தது, செய்தது, கற்றது என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். அப்புறம் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றுங்கள். இலக்கணத்தை ஆசிரியர் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளலாம். விஷயம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

தங்கை கட்டுரையை அனுப்பிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. அனுப்புவதற்கு முன் அதைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டினாளாம். "இதெல்லாமா எழுதுன? இதையெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க படிப்பாங்களா?" என்று பாட்டி கேட்டிருக்கிறார்.

படிப்பார்கள் பாட்டி. படிக்க வேண்டியதே அதைத்தான்.