முன்பாரமும் பின்பாரமும்

போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட நம் ஊரில் சமதளம் குறைவு என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை வேறு. சென்னையிலிருந்து கப்பலில் வரும் சிமெண்டும் கம்பியும், கோடையில் குடிக்கும் தண்ணீரும் பல வீடுகளுக்கு டிராக்டர் டிரெய்லரில்தான் மேடேறுகின்றன. நம்மவர் பலருக்கு இதுவே பிழைப்பு. ஓட்டக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் கியரைப் பற்றிக் கேட்கிறார்கள். பாரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அதற்கு விலை கொடுக்க இருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள். இரண்டு வீடுகளுக்கு 20, 20 ஆக 40 மூட்டை சிமெண்டு ஏற்றிச் சென்றேன். முதல் வீட்டில் டிரெய்லர் மதிலை ஒட்டி நின்றதால் பின்கதவைத் திறக்க இடமில்லை. முன்பக்கத்து 20 மூட்டைகளைப் பக்கவாட்டில் இறக்கினோம். மீதி 20 மூட்டைகளும் பின்னால் இருந்தன. "பாதி பாரம்தானே" என்று அப்படியே அடுத்த மேட்டில் ஏறினேன். மூட்டைகளின் மேல் என் எட்டு வயது மகன் உட்கார்ந்திருந்தான். பாதி மேட்டில் டிராக்டரின் பின்சக்கரங்கள் வழுக்கின. ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டதும் கொக்கியின் பின் கழன்றது. அதற்கு நான் லாக் பின் போட்டிருக்கவில்லை. டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையில் இடிக்க, பத்தடி பின்னால் இழுபட்டு மண்சுவரில் முட்டி நின்றது. பையன் சிராய்ப்போடு தப்பினான். தவறு முழுவதும் என்னுடையது.

ஊரில் மாட்டுவண்டி ஓட்டிய என் தந்தையார் இதைக் கேட்டு ஒன்றுதான் சொன்னார்: "பின்பாரம்னு தெரியலையாடா உனக்கு?"

மாட்டுவண்டியில் பயணம் செய்த பெரியவர்களுக்கு இது புரியும். வண்டி முன்பாரமாக இருந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக்கயிறு மாட்டை நெரிக்கும். "எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க" என்று வண்டிக்காரர் சொல்வது இதற்காகத்தான். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான். அதன் ஏர்க்கால்தான் டிராபார். மாட்டின் கழுத்து இருக்கும் இடத்தில் டிராக்டரின் கொக்கி.

கணக்குப் பார்ப்போம்

டிரெய்லரின் அச்சிலிருந்து கொக்கி 300 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். காலி டிரெய்லர் கொக்கியை 100 கிலோ அழுத்துகிறது. மூட்டைக்கு 50 கிலோ வீதம் முன்பாதியில் 20 மூட்டை, அதாவது 1000 கிலோ. அதன் நடு அச்சுக்கு 120 செ.மீ. முன்னால். பின்பாதியிலும் 1000 கிலோ. அதன் நடு அச்சுக்கு 60 செ.மீ. பின்னால்.

முன்பாதி கொக்கியை அழுத்துவது 1000 x 120 / 300 = 400 கிலோ. பின்பாதி கொக்கியைத் தூக்குவது 1000 x 60 / 300 = 200 கிலோ.

1. முழுப் பாரம்: 100 + 400 – 200 = 300 கிலோ அழுத்தம். நல்லது.
2. முன்பாதியை இறக்கினால்: 100 – 200. அதாவது கொக்கியை 100 கிலோ மேலே தூக்குகிறது. டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறைகிறது. மேட்டில் பாரத்தின் நடு இன்னும் பின்னால் சாய்வதால் நிலைமை மோசமாகும். எனக்கு நடந்தது இதுதான்.
3. பின்பாதியை இறக்கினால்: 100 + 400 = 500 கிலோ அழுத்தம். பாரம் பாதியாகியும் கொக்கிக்குச் சுமை கூடிவிட்டது!

மூன்றாவதிலும் ஆபத்து உண்டு. கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் இருந்து, இரு அச்சுகளுக்கும் இடையே 200 செ.மீ. என்றால், 500 x 60 / 200 = 150 கிலோ முன்சக்கரங்களிலிருந்து போய்விடும். மேடு ஏறும்போது இழுவிசையும் சேர்ந்து முன்பக்கத்தை மேலும் இலேசாக்கும். ஸ்டியரிங் கேட்காது, கிளட்சைச் சட்டென்று விட்டால் டிராக்டர் முன்னங்கால் தூக்கிப் பின்னால் கவிழவும் கூடும்.

ஆகவே விதி இது: எப்போதும் சிறிது முன்பாரம், ஒருபோதும் பின்பாரம் வேண்டாம், முன்பாரமும் அளவோடு. பாதி இறக்கினால் மீதியை அச்சின் மேல், சற்று முன்தள்ளி மாற்றி அடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் வீணல்ல. பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டி இன்னும் மோசம். மேட்டில் தண்ணீர் தானாகவே பின்னால் ஓடிவிடும். 1000 லிட்டர் என்றால் 1000 கிலோ. தொட்டியை நிரப்பிக் கொண்டு போவது, அல்லது தடுப்புத் தகடு உள்ள தொட்டி வாங்குவது நல்லது.

கார்களுக்கு ஒரு கொக்கி

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள நம் உறவினர் சிலர் காருக்குப் பின்னால் வீட்டு டிரெய்லரை இழுத்துச் சுற்றுலா போவார்கள். அங்கே டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும் என்பது பொது அளவு. அதனால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். இதைச் சரிசெய்ய, சுமையைப் பகிரும் கொக்கி விற்கிறார்கள். கொக்கியிலிருந்து இரண்டு வில்கம்பிகள் டிரெய்லரின் சட்டத்துக்குப் போகும். அவற்றை இறுக்கினால் நெம்புகோல் போல வேலை செய்து, சுமையில் ஒரு பங்கைக் காரின் முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் மாற்றும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றியபின் கொக்கியில் விழும் எடையை அளந்து, அதற்கேற்ற கம்பியை வாங்க வேண்டும். ஆனால் அது காரின் இழுக்கும் வரம்பைக் கூட்டாது, பின்பாரத்தையும் திருத்தாது. அடுக்கும் கைதான் முதல்.

நம் டிராக்டருக்கு வேறு வழிகள் உண்டு:

1. டிரெய்லர் கொக்கி எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. பின் அச்சுக்கு மேலே எதையும் கட்டி இழுக்கக் கூடாது.
2. கொக்கியின் பின்னுக்கு லாக் பின், வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி போல. கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி.
3. மேட்டு வேலைக்கு முன்பக்கத்தில் இரும்பு எடைகள்.
4. நான்கு சக்கர டிரெய்லர் கொக்கியை அழுத்தாது; ஆனால் பின்னோக்கி எடுப்பது கடினம், பின்சக்கரப் பிடிப்பும் கூடாது. நம் குறுகிய மேடுகளுக்கு, சரியாக அடுக்கிய இரண்டு சக்கர டிரெய்லரே ஏற்றது.
5. சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டவும். ஏறுமுன்பும் இறங்குமுன்பும் தாழ்ந்த கியர். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது.
6. டிரெய்லரிலோ மட்கார்டிலோ ஆள் ஏற்றக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

இன்று என் மகனும் டிராக்டர் ஓட்டுகிறான். புறப்படுமுன் பின்னால் போய் நின்று பாரத்தைப் பார்ப்பான். அவன் முழங்கையில் இருக்கும் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் பார்க்காமல் விட்டதை நினைத்துக்கொள்கிறேன்.